கனவுக்குக் கொடுத்த மருந்து

சீடருக்கு அறுபத்து மூன்று வயது. குருவுக்கு நாற்பத்திரண்டு. தொல்லை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

எத்திராஜ் வடக்கே ஓர் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் மருந்து கொடுத்தவர். கம்பி ஜன்னலின் ஓட்டைக்குள் நீளும் கைகளைப் பார்த்து, அவற்றில் மாத்திரையைத் திணித்து, 'அடுத்தது' என்று சொல்லியே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்றதும் சித்த வைத்தியம் கற்க வேண்டும் என்று ஆசை வந்து, தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் வைத்தியசாலை நடத்தும் தாணம்மாளிடம் வந்து சேர்ந்தார்.

முதல் நாளே 'குருவே' என்று காலில் விழப் போனார். தாணம்மாள் பதறிப் பின்னால் நகர்ந்ததில் கஷாயப் பானை உருண்டது. இனி அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்று அன்றைக்கே கண்டித்துச் சொல்லிவிட்டாள்.

அப்பா வயதுள்ள மனிதரை வாய்விட்டு ஏசவும் முடியாது. 'ஐயா' என்று கூப்பிட்டு, 'வாங்க போங்க' என்று பேசிக்கொண்டே பல்லைக் கடிக்க வேண்டும். எட்டு மாதத்தில் தாணம்மாள் அதில் நன்றாகத் தேறியிருந்தாள்.

மனிதர் சோம்பேறியும் இல்லை, கெட்டவரும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். தெரிந்ததையெல்லாம் கேளாமலே சொல்லுவார். சில பிரஷர் மாத்திரைகள் கனவைக் கிளப்பிவிடும் என்பார். மனசுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் கனவை அமுக்கிவிடும், டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தினால் அமுங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பும், சாராயமும் அதே ரகம்தான் என்பார். இருமலுக்கு வந்தவரிடம்கூட இதைச் சொல்லுவார். சொல்வதில் தப்பும் இருக்காது.

தங்கையின் பிரசவத்துக்காகத் தாணம்மாள் பதினைந்து நாள் வள்ளியூர் போக வேண்டியிருந்தது. பழைய நோயாளிகளுக்கு வழக்கமான மருந்தை மட்டும் கொடுங்கள், புதிதாக யார் வந்தாலும் நான் வரும்வரை இருக்கச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

திரும்பி வந்தபோது எத்திராஜ் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் பல்.

"ஒரு கேஸை முடிச்சிட்டேம்மா" என்றார்.

தாணம்மாள் கையிலிருந்த பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

கீழூரில் பீடி சுற்றும் முத்துப்பேச்சி என்கிற பெண்ணாம். இரண்டு வருடமாகச் சரியான தூக்கம் கிடையாதாம். விடிகாலையில் கனவு வந்து, கத்திக்கொண்டு எழுந்து, அழுவாளாம். புருஷன் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறான். எத்திராஜ் நாடி பார்த்தார். நாக்கைப் பார்த்தார். அலமாரியில் இருந்த தூக்க லேகியத்தை வழக்கமான அளவுக்கு இரண்டு மடங்காகக் கொடுத்தார். ஐந்தாம் நாளிலிருந்து அடித்துப் போட்ட மாதிரி ஏழு மணி நேரம் தூங்குகிறாள். கனவு அறவே இல்லை. அழுகை இல்லை. நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை தடவை புரண்டாள், வயிறு எப்படிப் போனது, ஒன்று விடவில்லை.

தாணம்மாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"கனவுல யாரு வந்தா?"

"யாரா?"

"கத்திக்கிட்டு எழுந்திரிச்சான்னு எழுதியிருக்கீங்க. யாரைப் பாத்துக் கத்துனா?"

எத்திராஜ் நோட்டை எட்டிப் பார்த்தார். "அதை நான் கேக்கலியே" என்றார். சொன்னதில் கூச்சம்கூட இல்லை. மருந்துக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்பது போல நின்றார்.

தாணம்மாள் பையை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே போய் முகம் கழுவினாள். ஒரு தடவை கழுவியது போதவில்லை.

மறுநாள் முத்துப்பேச்சியே புருஷனோடு வந்தாள். மெலிந்த கை, புகையிலைத் தூள் ஏறிப் பழுத்த விரல்கள். கண் தெளிவாக இருந்தது. நன்றாகத் தூங்கிய முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் எத்திராஜை முறைத்தாள்.

"எம் பிள்ளைய என்ன செஞ்சீரு?"

எத்திராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. தாணம்மாள்தான் அவளை உட்கார வைத்துக் கேட்டாள்.

ஆவுடைச்செல்வி அவளுடைய ஒரே பெண். இரண்டு வருடத்துக்கு முன், ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். நல்ல போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் நிற்க வைத்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதில் அவள் மூன்றாம் வரிசையில், முன்னால் நிற்கும் பையனின் தலைக்குப் பின்னால். ஒரு கண்ணும் பாதி நெற்றியும்தான் தெரியும்.

"கனவுலதாம்மா முழுசாப் பாப்பேன்" என்றாள் முத்துப்பேச்சி. "பதினோரு நாளாச்சு, வரல. நேத்து மத்தியானம் இலை வெட்டிக்கிட்டே அவ மூக்கு எப்படின்னு நெனச்சுப் பாக்கேன், வர மாட்டேங்கு. மூக்கு போயிட்டு. நாளைக்கு என்னது போகுமோ."

அவள் அழவில்லை. அழுகைதான் லேகியத்தில் கரைந்துவிட்டதே. அவளைக் கூட்டி வந்த புருஷன் வாசல்படியில் உட்கார்ந்து, தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, இவள் இப்படிப் பேச்சில்லாமல் சுவரைப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்றான்.

தாணம்மாள் லேகியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்தச் சொன்னாள். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை.

எத்திராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அது நிஜம். தான் செய்த தப்பு அவருக்கு உறைத்துவிட்டது. ஆனால் உறைத்ததும் அவர் செய்த முதல் காரியம், இன்னொரு மருந்தைத் தேடியதுதான்.

லேகியம் நின்றதும் முத்துப்பேச்சிக்குக் கனவுகள் வெள்ளமாக வந்தன. பஸ் வந்தது, எருமை வந்தது, பீடிக்கடை ஏஜென்டு வந்தான், செத்துப்போன மாமியார்கூட வந்து வெற்றிலை கேட்டாள். ஆவுடைச்செல்வி மட்டும் வரவில்லை. எத்திராஜ் தினமும் கீழூருக்கு நடந்துபோய் விசாரித்து வந்து, இது எதிர்பார்த்ததுதான், அமுக்கி வைத்தால் இப்படித்தான் பொங்கும் என்று தாணம்மாளுக்கே பாடம் நடத்தினார். அதோடு விட்டாரா? ஓலைச்சுவடிகளைப் பார்த்து அச்சிட்ட பழைய புத்தகங்களையெல்லாம் தூசி தட்டி எடுத்தார். கசகசாவை ஆட்டினார். ஜாதிக்காயை உரசினார். கடைசியில் ஒரு நாள் காலை, தாணம்மாள் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"கனவு வரணும். ஆனா அந்தப் பொண்ணு மட்டும் வரணும். வந்தா அந்தம்மா அழக்கூடாது. இதுக்கு என்ன சேர்மானம்?"

தாணம்மாள் கரண்டியை எண்ணெய்க்குள்ளேயே விட்டுவிட்டாள். பதம் தப்பிவிடும் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அதை எடுக்கவில்லை.

"இருக்கு" என்றாள்.

எத்திராஜ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பேனா வேண்டாம். தினம் காலையில ஒரு மணி நேரம் அவ வீட்ல போய் உக்காருங்க. வாயத் தெறக்கக் கூடாது."

"மருந்து எதுவும் எடுத்துட்டுப் போகணுமா?"

"வெறுங்கைய வீசிக்கிட்டுப் போங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அதுவும் கேக்கக் கூடாது, ஐயா."

முதல் நாள் போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். வாயைத் திறக்காமல் பத்து நிமிஷம் இருந்திருக்கிறார். பிறகு, படுக்கும்முன் பால் குடிப்பது நல்லது, மாலையில் காப்பியை நிறுத்த வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறார். முத்துப்பேச்சி முறத்தை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போய்விட்டாள். தாணம்மாள் வாசலைக் காட்டினாள். அவர் மறுபடி நடந்தார்.

இரண்டாம் நாள் பேசவில்லை. பேசாமல் இருந்ததில் தலைவலி வந்துவிட்டது என்று திரும்பி வந்து தைலம் தடவிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்து எரிச்சலாகி, முத்துப்பேச்சி கத்தரிக்கோலையும் தகர அச்சையும் அவர் பக்கம் தள்ளினாள். அச்சை இலைமேல் வைத்து ஓரத்தை வெட்ட வேண்டும். எத்திராஜ் வெட்டினார். பத்தில் ஏழு இலை கிழிந்தது. அவள் பிடுங்கிக் காட்டிக் கொடுத்தாள். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அதே வேலை. நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வெட்டினால் கிழியாது என்று ஆறாம் நாள்தான் அவருக்குப் பிடிபட்டது. அன்றைக்கு முழுசாக ஒரு கட்டு இலை வெட்டி அடுக்கினார்.

முத்துப்பேச்சி அந்த அடுக்கைப் பார்த்தாள்.

"ஆவுட இதவிட மோசமா வெட்டுவா" என்றாள்.

எத்திராஜுக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார். வாய்வரை வந்த பிறகு அவர் அடக்கிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவள் சுற்றிக்கொண்டே பேசினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் வந்து உட்காருவாளாம். பீடி முனையை மடக்கித் தருகிறேன் என்று சொல்லி, முறத்தில் இருப்பதையெல்லாம் கலைத்து விடுவாளாம். படிக்கப் போடீ என்று விரட்டினால் சிரிப்பாளாம். கனவிலும் அதையேதான் செய்வாள். வருவாள், முறத்தைக் கவிழ்ப்பாள், சிரிப்பாள். இவள் ஏசுவாள். அந்த ஏச்சிலேயே முழிப்பு வந்துவிடும். முழித்த பிறகு, வந்த பிள்ளையை இன்றைக்கும் ஏசித்தானே அனுப்பினோம் என்று அழுகை வரும்.

"ரெண்டு வருசமாச் சண்டதான், ஐயா. ஒரு நாளாச்சும் கொஞ்சியிருக்கலாம். அவ வந்து நின்னா எனக்குக் கோவந்தான் முந்திக்கிட்டு வருது. மூக்கச் சுருக்கிக்கிட்டுச் சிரிப்பா. பாத்தா யாருக்குத்தான் கோவம் வராது?"

சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். கை நின்றுவிட்டது. ஒரு விரலைத் தன் மூக்கின்மேல் வைத்து, நுனியை லேசாக மேலே தூக்கினாள்.

"இப்படி இருக்கும்" என்றாள்.

அன்றைக்கு எத்திராஜ் வைத்தியசாலைக்குத் திரும்ப மத்தியானமாகிவிட்டது. வந்தவர் நோட்டை எடுக்கவில்லை. கிணற்றடியில் போய் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். தாணம்மாள் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தாள். வருகிறேன் என்றார், வரவில்லை. இந்த மனிதர் பேசினாலும் தொல்லை, பேசாவிட்டாலும் தொல்லை என்று அவளுக்குத் தோன்றியது. சோற்றை மூடி வைத்தாள்.

நான்கு நாள் கழித்து, வைத்தியசாலை திறந்ததுமே முத்துப்பேச்சி வந்தாள். தனியாக வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தொண்டை கட்டியிருந்தது. தலைகூட வாரவில்லை.

எத்திராஜ் பதறி எழுந்தார்.

அவள் அவரைக் கவனிக்காமல் நேரே தாணம்மாளிடம் போனாள்.

"வந்துட்டா, அம்மா. முறத்தக் கவுத்திட்டா. ஏட்டி, இத்தன நாளா எங்கட்டி போனன்னு நல்லா ஏசுனேன். உண்டு இல்லன்னு ஆக்கிட்டேன். சிரிக்கா." சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் கொட்டியது. அதைத் துடைக்கவில்லை. "விடிஞ்சதுலேருந்து அழுதுக்கிட்டே கெடக்கேன்."

"சரி" என்றாள் தாணம்மாள். "வேற என்ன செய்யுது?"

"மணிக்கட்டு ரெண்டும் வலிக்கி. சுத்த முடியல. எண்ண இருந்தாத் தாங்க."

தாணம்மாள் ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். இளஞ்சூட்டில் தேய்க்க வேண்டும் என்று சொன்னாள். முத்துப்பேச்சி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். போகிற போக்கில், நாளைக்கு இலை வெட்ட வருவீர்களா என்று எத்திராஜைக் கேட்டாள். அவர் தலையாட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

எத்திராஜ் அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய கை பழக்கதோஷத்தில் அலமாரிப் பக்கம் போனது.

"அம்மா, அழுகை திரும்ப வந்துடுச்சே. அதுக்கு என்ன கொடுக்கட்டும்?"

தாணம்மாள் எழுந்துபோய் அலமாரியைச் சாத்தினாள்.

"அந்த அழுகைய இப்பத்தான திருப்பிக் குடுத்திருக்கோம், ஐயா. அதுக்குள்ள பிடுங்கணுமா?"