இரண்டு மூடிய தட்டுகள்

தணிகாசலம் மாஸ்டரின் ஸ்டண்ட் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உயரத்திலிருந்து குதிக்கப்போகிறவன் அதற்கு முன் சாப்பிடக் கூடாது. அவன் பங்கு டிபனைத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, மாஸ்டர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். குதித்தவன் எழுந்து வந்து தானே திறக்க வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அவனை யாரும் மறுபடி மேலே ஏற்ற மாட்டார்கள். தயாரிப்பாளரே வந்து கெஞ்சினாலும் சரி.

அன்று காலை மாஸ்டர் பக்கத்தில் இரண்டு தட்டுகள் மூடியிருந்தன. குதிப்பதோ பெஞ்சமின் ஒருவன்தான்.

எத்திராஜ் தட்டுகளை மறுபடி எண்ணிப் பார்த்தார். பல வருடம் தணிகாசலத்திடம் உதவியாளராக இருந்தவர், முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு சண்டையை அமைக்கிறார். சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். சீடர் குருவை மாஸ்டர் என்பார், குரு சீடரை அண்ணே என்பார். இருவருக்கும் மரியாதை குறைந்ததில்லை.

"இன்னொண்ணு யாருக்கு மாஸ்டர்?"

"இருக்கட்டும்ணே. அப்புறம் சொல்றேன்."

கட்டி முடிக்காத மூன்று மாடிக் கட்டடம். கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி மெத்தை போட்டிருந்தார்கள். எத்திராஜ் பெட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மனசு கேட்கவில்லை. மறுபடி போய்த் தட்டிப் பார்த்தார். இரண்டு தட்டு என்றால் இரண்டு பேர். வேறு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபைட்டர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. இதுவரை வந்த சினிமாச் சண்டைகளில் எது பெஸ்ட் என்று பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது.

"மாவு மில்லு சண்டைதாம்பா" என்றான் குப்புராஜ். "மாவு பறக்கப் பறக்க அடிச்சுப்பாங்களே!"

"அதுல மாவுதான் நடிச்சுது" என்றான் நாகூர். "கல்யாண மண்டபத்துல பந்திப் பாயைச் சுருட்டி அடிப்பாரே, அது சண்டை."

"பாயால அடிச்சா எவன்டா சாவான்? தும்முவான்."

சிரித்து முடித்ததும் நாகூர் இன்னொன்றைச் சொன்னான். "சரி, அந்த கோடவுன் சண்டை? மாடியிலேர்ந்து விழறவன் காத்துலயே ஒரு சுத்து சுத்தித் திரும்புவானே?"

குப்புராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். அதற்குமேல் பேச்சே இல்லை. எல்லோருக்கும் அதுதான் பெஸ்ட்.

"அதுல விழுந்தது யாருப்பா?" என்று கேட்டார் மாஸ்டர்.

எல்லோருக்கும் ஹீரோ பெயர் தெரிந்தது. கேமராமேன் பெயர்கூடத் தெரிந்தது.

"யாரோ டூப்பு மாஸ்டர்" என்றான் குப்புராஜ்.

எத்திராஜ் குருவின் பக்கத்தில் வந்து குனிந்தார். "உங்களுக்கு எது பெஸ்ட் மாஸ்டர்?"

"பெஞ்சமின் வரட்டும்ணே."

கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். பெஞ்சமின் மேலே போய் நின்றான். கீழிருந்து பார்க்கையில் சின்னப் பையனாகத் தெரிந்தான். டைரக்டர் ஆக்‌ஷன் என்றதும் குதித்தான்.

பெட்டிகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கர்த்தரோ முருகனோ, எத்திராஜ் வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார்.

அட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கட்டை விரல் மேலே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பெஞ்சமின் சிரித்துக்கொண்டே வந்து மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் தட்டைத் திறந்தான். இடது கையால் திறந்தான். வலது கை விலாவோடு ஒட்டியே இருந்தது.

அவன் ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள் டைரக்டர் எத்திராஜைத் தள்ளிக் கூட்டிப்போய்விட்டார்.

"ஷாட் ஓகேதான் மாஸ்டர். ஆனா இன்னொண்ணு போயிடலாம். காத்துல ஒரு சுத்து மட்டும் சுத்தச் சொல்லுங்க. இருபது வருஷம் பேசுவாங்க. உங்க பேரைச் சொல்லுவாங்க."

எத்திராஜுக்கும் ஆசைதான். பொய் சொல்வானேன், காலையில் அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்தே அவர் மனசு அந்த ஒரு சுற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

பெஞ்சமினிடம் வந்தார். "கை எப்படிடா இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே. சொல்லுங்க, ஏறிடறேன்."

முடியாது என்று சொல்கிற ஃபைட்டரை எத்திராஜ் பார்த்ததே இல்லை. அவரும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

"என்ன பண்றது மாஸ்டர்?"

"உங்க சண்டைண்ணே" என்றார் தணிகாசலம். "ஏத்தறதுன்னா தட்டை மூடுங்க. நீங்களே மூடுங்க."

மேல்தட்டை எடுத்து நீட்டினார். எத்திராஜ் வாங்கிக்கொண்டார்.

"மாஸ்டர், வெயில் ஏறுது! சீக்கிரம்!" என்று டைரக்டர் அங்கிருந்து கத்தினார்.

பெஞ்சமின் எழுந்திருக்கப் பார்த்தான். வலது கையை ஊன்றியதும் முகம் ஒரு கணம் கோணியது. உடனே சிரித்தான்.

எத்திராஜ் அவன் எதிரே உட்கார்ந்தார். இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து அவன் வாயில் வைத்தார்.

"முழுங்கு."

அவன் விழுங்கினான். கண் கலங்கியதற்குக் காரம் காரணமில்லை. எத்திராஜ் எழுந்து டைரக்டரிடம் போனார்.

"அவன் சாப்பிட்டுட்டான் சார். இன்னிக்கு இனிமே ஏத்த முடியாது."

"விளையாடறீங்களா? ஒரு வாய் இட்லிக்காகவா?"

"ஆமா சார். கையில அடி வேற. ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி வேணும்."

டைரக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி எடுத்துக்கோங்க. கிளைமாக்ஸுக்கு நான் வேற மாஸ்டரைப் பார்த்துக்கறேன்."

"பாருங்க சார்."

பெஞ்சமினை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாகூர் போனான். எத்திராஜ் திரும்பி வந்தார். மேல்தட்டு இன்னும் கையிலேயே இருந்தது. குப்புராஜ் எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டான். அவர் அதில் உட்காரவில்லை, மாஸ்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"போச்சு மாஸ்டர். முதல் படமே போச்சு."

தணிகாசலம் இரண்டாவது தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"திறங்கண்ணே."

"எனக்கா? நான் எங்க மாஸ்டர் மேல ஏறினேன்?"

"காலையிலேர்ந்து மேலதான நின்னுட்டிருந்தீங்க" என்றார் மாஸ்டர். "இப்பத்தான் இறங்கி வந்திருக்கீங்க. சாப்பிடுங்க."