நாற்பத்திரண்டு பிள்ளைகள்

மலையடிவாரத்துக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி அடிக்கும். அடிப்பவர் மதர் இக்னேஷியா. மணி கேட்டதும் பிள்ளைகள் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு வெளியே ஓட வேண்டும். புங்க மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கை காலை உதறிவிட்டு வந்து உட்கார வேண்டும். மூன்று நிமிஷம்தான். அப்புறம்தான் கணக்கு மண்டையில் ஏறும் என்பது மதரின் கட்சி.

பிள்ளைகள் சுற்றும்போது மதர் வராந்தாவில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். ஜெபம் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைப்பதற்கு என்ன, காசா பணமா.

சிஸ்டர் ஆரோக்கியம் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. மதரிடம் கற்றுக்கொண்டு வா என்று தலைமை மடம் அனுப்பி ஆறு மாதம் ஆகிறது. கற்றுக்கொண்டாரோ இல்லையோ, அந்த மணியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அன்றும் மணி அடித்தது. மூன்றாம் வகுப்பு சுற்றி முடித்து உள்ளே போனது.

"ஒண்ணு குறையுதே," என்றார் மதர்.

"என்ன மதர்?"

"உன் வகுப்பு முப்பத்தேழு. மரத்தைச் சுத்தினது முப்பத்தாறு."

சிஸ்டருக்கு முகம் சிவந்தது. "முத்தழகி மதர். பெல்ட்டைப் பெஞ்சோட சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கேன்."

மதர் வகுப்பு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரார். அவளானா எறும்புப் புத்து மேல உட்கார்ந்த மாதிரி நெளியறா. பழகட்டும்னுதான். நாளைக்கு ஒரு நாள் இந்த மணியும் வேண்டாம் மதர். பிள்ளைங்க சிலை மாதிரி இருக்கணும். கவனம்னா என்னன்னு அவர் பார்க்கட்டும்."

"அவ்வளவுதானே?"

மதர் உள்ளே போய், அட்டை கிழிந்த பார்வையாளர் குறிப்பேடு ஒன்றை எடுத்து வந்தார். பழைய இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதிய பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

"சத்தமாப் படி."

சிஸ்டர் படித்தார். "'மூன்றாம் வகுப்பு. ஆசிரியை, சிஸ்டர் இக்னேஷியா. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் கைகட்டி அமர்ந்திருந்தனர். நான் இருந்த அரை மணி நேரமும் ஒரு சிறு அசைவு இல்லை. இவ்வளவு கவனமான வகுப்பை நான் கண்டதில்லை.' மதர்! இது நீங்களா? இதைத்தானே நானும் கேக்கறேன்!"

"நானேதான். அப்போ மணி கிடையாது. காலையில உட்கார்ந்தா மத்தியானம்தான் எழுந்திருக்கணும். பிரம்பே வேண்டாம். நான் பார்த்தாலே போதும்."

"பின்னே ஏன் மாத்தினீங்க?"

"பிலோமினான்னு ஒரு பிள்ளை. கடைசி வரிசை, சுவர் ஓரம். அன்னிக்குக் காலையில கையைத் தூக்கினா. பார்த்தேன். இறக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தூக்கினா. பார்த்தேன்."

"இறக்கிட்டாளா?"

"இறக்கிட்டா. அப்புறம் தூக்கலை. சுவர்ல சாய்ஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு, குனிஞ்சு மடியில இருந்த சிலேட்டையே பார்த்துக்கிட்டிருந்தா. நல்ல பிள்ளைன்னு நினைச்சேன்."

புங்க மரத்தடியில் புழுதி இன்னும் அடங்கவில்லை.

"பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிச்சதும் எல்லாரும் எழுந்தாங்க. அவ எழுந்திருக்கலை. திமிரான்னு கேட்டுக்கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். சில்லுன்னு இருந்தது. இருதயத்துல கோளாறாம், வீட்டுக்கே தெரியாது. உயிர் போய் ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும்னார் டாக்டர்."

சிஸ்டரின் விரல் குறிப்பேட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"இன்ஸ்பெக்டர்... எப்போ வந்தார் மதர்?"

"பதினொன்றரைக்கு. எத்தனை பிள்ளைங்கன்னு எழுதியிருக்கார்? திரும்பப் படி."

"நாற்பத்திரண்டு."

"நாற்பத்தொண்ணு," என்றார் மதர்.

சிஸ்டர் ஆரோக்கியம் குறிப்பேட்டைப் போட்டுவிட்டு வகுப்பைப் பார்த்து ஓடினார். மடத்து வராந்தாவில் சிஸ்டர்கள் ஓடக் கூடாது.