நஞ்சப்பனின் ஆயில் கேன்

"என்ற ஆயில் கேனைத் தெருவுல வீசுனது யாருங்க?"

நஞ்சப்பன் கேட்டது பட்டறையில் இருந்த ஒரே ஆளிடம். அந்த ஆள்தான் அவருடைய குரு. குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று.

"நான்தாங்க," என்றாள் கோகிலவாணி. கண்ணாடிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வராதா பின்னே? பஞ்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர். மில்லை மூடிய அன்று நினைவுக்கென்று அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த ஒரு கேனைத்தான். அதைத்தான் இந்த வாரம் பட்டறைக்கு எடுத்து வந்திருந்தார்.

"கட்டை வண்டிக்கே மை வெக்காட்டி அச்சு தேஞ்சு போகுமுங்க அம்மிணி. எண்ணெய் இல்லாம எந்த ஊர்ல மெஷின் ஓடுது?"

"இந்தப் பட்டறையில ஓடுது."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"போய்க் கை கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு."

குருமார்களுக்கே இந்த வியாதி உண்டு. காரணம் கேட்டால் வேலை சொல்வார்கள்.

ஏற்கெனவே கழுவிய கையை மறுபடியும் கழுவிவிட்டு வந்தார். இப்போது அவள் அவர் தலையைப் பார்த்தாள். அன்று சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலை மினுமினுக்க, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தலையையும் கழுவணுங்க."

"அட சிவனே! மெஷினுக்கு ஆகாது, சரி. என்ற தலைக்குமா ஆகாது?"

அவள் சோப்புக் கட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் கருவிகள் ஊதிக் கொடுப்பவள் கோகிலவாணி. அந்தக் கெட்டிக் கண்ணாடி இளக வேண்டுமானால் வெறும் கேஸ் தீ போதாது, ஆக்சிஜனும் சேர வேண்டும். மூலையில் ஒரு மெஷின் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும். பக்கத்தில் இருக்கும் கம்ப்ரஸர் அதை அமுக்கி டேங்க்கில் அடைக்கும்.

இரும்போடு மல்லுக்கட்டிய நஞ்சப்பனுக்குக் கண்ணாடி ஊதிப் பார்க்க ஆசை. வெளியே சொன்னபோது தெருவே சிரித்தது. இவள் சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியை இளக்கத் தீ கக்கும் டார்ச்சை மூன்று மாதமாகக் கையில் கொடுக்கவும் இல்லை. ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுவது, ஹோஸில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது, இதுதான் அவருக்குக் கிடைத்த ஞானம்.

இன்று டார்ச்சைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். டேங்க் நேற்றோடு காலி. அதை நிரப்பினால் போதும்.

அந்த நாளில்தான் கேன் தெருவுக்குப் போனது.

"மூணு மாசமா எதைத் தொட்டாலும் வேண்டாம், வேண்டாம். ஏன்னு கேட்டா வாயே தொறக்கறதில்ல. நான் என்ன பால்வாடிக்கா வந்திருக்கேன்? இன்னிக்குக் காரணத்தைச் சொல்லுங்க. இல்லாட்டி வந்த வழியே போறனுங்க."

சொன்னதோடு நிற்காமல் செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

கோகிலவாணி எழுந்தாள். ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்து, மெஷினை ஓடவிட்டு, ஆக்சிஜன் வரும் ஹோஸைக் கொஞ்ச நேரம் அதற்குள் விட்டு வைத்தாள். அவர் துண்டில் எண்ணெய்க் கறை காய்ந்த ஓரமாகப் பார்த்து ஒரு நூலை உருவினாள். இடுக்கியில் பிடித்து, நுனியில் தீ வைத்து, ஊதி அணைத்தாள். நூல் சோம்பேறித்தனமாகப் புகைந்தது.

"தள்ளி நில்லுங்க."

நூலைக் குடுவைக்குள் இறக்கினாள்.

பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம். குடுவை டப்பென்று விரிசல் விட்டது. இடுக்கியின் நுனியில் நூல் இல்லை.

"ஒத்தை நூலுங்க. அதுவும் வாய் தொறந்த குடுவை," என்றாள். "இங்க நான் நெருப்புக் காட்டினேன். கம்ப்ரஸருக்குள்ள யாரும் காட்ட வேண்டியதில்ல. ஆக்சிஜனை அமுக்கற சூட்டுலயே எண்ணெய் பத்தி வெடிச்சிரும்."

நஞ்சப்பன் குடுவையையும் கம்ப்ரஸரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள்.

"காரணம் சொல்லியாச்சு. செருப்பைக் கழட்டிட்டு, தலையையும் கழுவிட்டு வந்து உக்காருங்க. டேங்க்கை நிரப்பிட்டு டார்ச்சைத் தர்றேன்."

அவள் கை கம்ப்ரஸரின் சுவிட்சுக்குப் போனது.

நஞ்சப்பன் செருப்புக் காலோடு ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போடாதீங்க அம்மிணி!"

"ஏன்?"

அவர் பிடியை விடவில்லை.

"வியாழக்கிழமை அது கிரீச் கிரீச்சுன்னு கத்துச்சுங்க. டேங்க் ரொம்பி நின்னதும் நீங்க சாப்பிடப் போயிட்டீங்க. எனக்கு மனசு கேக்கல."

"எத்தனை சொட்டு?"

அவர் இரண்டு விரலைக் காட்டினார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவதையும் நீட்டினார்.

கோகிலவாணி பிளக்கைப் பிடுங்கினாள். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தப்போகிறாள் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார்.

அவள் கத்தவில்லை.

"மூணு மாசமா ஏன்னு கேட்டீங்கல்ல," என்றாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணுமுங்க."