இருபதாவது மலையில புத்தகப் பாலம்

ஒரு ஊர்ல ஒரு அம்மா, ஒரு பொண்ணு, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பழைய போன். அம்மா பேரு மாரிக்கண்ணு. வீட்டுலயே மாவு ஆட்டி விக்கிறவ. பொண்ணு பேரு சிந்துஜா. நர்சு படிக்க வெளியூர் கிளம்பிட்டா. அந்த வீட்டுல காலேஜுக்குப் போற மொத ஆளு அவதான். அத்தை சொல்றதக் கேக்குறியாடா?

"ம்."

அந்த போன்ல ஒரு ஆட்டம் இருந்துச்சு. அதுல முண்டாசு கட்டின ஒரு குட்டி ஆளு. இடது கட்டைவிரல வச்சா குடுகுடுன்னு ஓடுவான். வலது பக்கம் தட்டினா டொய்ங்னு குதிப்பான். குழியில விழுந்தா தொபுக், ஒரு உயிர் போயிடும். கூடை நிறைய பழம் பறிச்சா ஒரு உயிர் கூடும். மொத்தம் இருபது மலை அவன் ஏறணும்.

சிந்துஜா புது போனோட கிளம்பினா. அதுல இந்த ஆட்டம் ஏறவே இல்ல. அப்போ பழசை அம்மா கையில குடுத்துச் சொன்னா, "அம்மா, ஒரு வருஷமா ஆடி பத்தொம்பது மலை தாண்டிட்டேன். ஒரே ஒரு உயிர்தான் மிச்சம். அதுவும் போச்சுன்னா மொத மலையில இருந்து ஆரம்பிக்கணும். கடைசி மலைய நான் வந்துதான் ஏறுவேன். தொட்டுடாத."

"நான் எதுக்குடி தொடப்போறேன்? எனக்கு மாவு ஆட்டவே நேரமில்ல."

பொண்ணு போயிட்டா. மத்தியானம் கிரைண்டர நிறுத்தினா வீடே கம்முனு ஆயிடும். ஒரு நாள் பாத்தா, ரெண்டு நாள் பாத்தா. மூணாவது நாள், சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்னு மாரிக்கண்ணு அந்த ஆட்டத்தத் திறந்துட்டா. பொண்ணு தோளுக்குப் பின்னாடி நின்னு பாத்தே எல்லாம் பழகியிருந்தா.

இருபதாவது மலை. கீழ ஒரு பெரிய பள்ளம். அதுக்கு மேல பாலம். கல்லுப் பாலம் இல்ல, மரப் பாலம் இல்ல. குண்டு குண்டா புத்தகம், இடைவெளி விட்டு விட்டு மிதக்குது. முண்டாசுக்காரன் ஓடிப் போயி மொத புத்தகத்து மேல காலை வச்சான். மாரிக்கண்ணு என்ன செஞ்சா தெரியுமா?

"ம்?"

நம்ம கால் புத்தகத்துல பட்டா என்ன செய்வோம்? தொட்டு கண்ணுல ஒத்திக்குவோம்ல? மாரிக்கண்ணு மூணாங்கிளாஸோட படிப்ப நிறுத்தினவ. வடை மடிச்ச காகிதத்துல கால் பட்டாக்கூட ஒத்திக்குவா. அவ நினைக்கவே இல்ல, கை தானா போயி அந்தப் புத்தகத்தத் தொட்டுடுச்சு. போன்ல தொட்டா என்ன ஆகும்? டொய்ங்னு அவன் நேரங்கெட்ட நேரத்துல குதிச்சான். தொபுக்.

கடைசி உயிர் போச்சு. ஒரு வருஷ ஆட்டம் போச்சு.

அப்புறம் சாயங்காலம் பொண்ணு போன்ல பேசினா. "அம்மா, என் ஆளு பத்திரமா?"

"பத்திரமா நிக்கிறான். நீ சாப்ட்டியா?"

"அந்த அம்மா பொய் சொன்னாங்களா, அத்தை?"

ஆமாடா, பொய்தான். சொல்லிட்டு அன்னிக்கு அவளுக்குச் சோறே இறங்கல. பொங்கல் லீவுக்குள்ள அந்த மலையடிக்கே அவனைக் கொண்டுபோயி நிறுத்திடணும்னு முடிவு பண்ணா.

மொத தடவ ஆரம்பிச்சா. மாவுக் கை ஈரம் காயல. விரல் வழுக்கி வழுக்கி அஞ்சாவது மலையில எல்லா உயிரும் தீந்துச்சு. அப்புறம் கைய முந்தானையில நல்லாத் துடைச்சுட்டு ரெண்டாவது தடவ. பதினாறாவது மலையில ஆடுற பலகை, கிரீச் கிரீச்னு வந்து வந்து போகுது. அவசரப்பட்டா. தொபுக், தொபுக், தொபுக். அப்போ யோசிச்சா: எனக்கு எதுக்கு ஓட்டம்? மூணாவது தடவ நடந்தே போனா. பலகை வந்து நிக்கிற வரைக்கும் நின்னா. ஒரு பழம் விடாம டிங் டிங்னு பறிச்சா. ரெண்டு மாசம். முண்டாசுக்காரன் இருபதாவது மலையடியில வந்து நின்னான். அதுக்கு மேல அவ ஏத்தல.

"ம்..."

பொங்கல் வந்துச்சு. சிந்துஜா வந்தா. பைய இறக்கினதும் போனத்தான் எடுத்தா.

"அம்மா, ஒரு உயிரத்தான விட்டுட்டுப் போனேன்? ஏழு இருக்கே. குட்டி போட்டுச்சா?"

மாரிக்கண்ணு எல்லாத்தையும் சொல்லிட்டா. எட்டிப் பாத்தது, தொட்டது, விழுந்தது, பத்திரம்னு சொன்னது, ரெண்டு மாசம் மறுபடி ஆடினது.

சிந்துஜா உதட்டப் பிதுக்கினா. "ஒரு வருஷம் ஆடுனேம்மா," அப்படின்னா. அப்புறம், "நீ ரெண்டு மாசத்துல இது வரைக்கும் ஏறிட்டியா? மாவு ஆட்டவே நேரமில்லன்ன."

மாரிக்கண்ணு முந்தானையில கையத் துடைச்சுக்கிட்டா.

"அதுவும் பொம்மப் புத்தகம்மா. அதைப் போயி தொட்டு ஒத்திக்குவாங்களா?" சிரிச்சுக்கிட்டே சிந்துஜா ஆட ஆரம்பிச்சா. குடுகுடுகுடு. மொத புத்தகத்து மேல கால் பட்டுச்சு. அவ கையும் தானா போச்சு. டொய்ங். தொபுக்.

"என் கையும் உன் கை மாதிரிதாம்மா. எனக்குத் தெரியாமலே போகுது." மறுபடி ஆடினா. மறுபடி தொபுக். அஞ்சு உயிர்தான் மிச்சம்.

மாரிக்கண்ணு எழுந்து போயி, பொண்ணு பையில இருந்து தடி புத்தகமா ஒண்ண எடுத்து மடியில வச்சுக்கிட்டா. "நீ கையக் கட்டுப்படுத்திக்கிட்டு ஓடு. நீ மிதிக்க மிதிக்க உனக்கும் சேத்து நான் தொட்டுக்கறேன்."

சிந்துஜா ஓட்டினா. டொய்ங், அம்மா தொட்டு ஒத்திக்கிட்டா. டொய்ங், தொட்டு ஒத்திக்கிட்டா. பொண்ணோட கை அசையல. டொய்ங், டொய்ங், டொய்ங். பாலம் முடிஞ்சுது. முண்டாசுக்காரன் உச்சியில ஏறி, முண்டாச அவுத்து ஒரு உதறு உதறிட்டு அக்கடான்னு உக்காந்துட்டான்.

மாரிக்கண்ணு இன்னொரு தடவ புத்தகத்தத் தொட்டு ஒத்திக்கிட்டா.

"இப்ப எதுக்கும்மா? அவன்தான் ஏறிட்டானே."

"இது அந்தப் பொய்க்குடி."

ம் சொல்லு... சொல்ல மாட்டியா? சரி. கதை மலையேறிடுச்சு, நீ நல்லாத் தூங்கு.