நாலு கரண்டி அகத்திக்கீரை

பாலாற்றங்கரையில் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன மடம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து பல வருஷம் ஆகிறது. ஏகாதசி, துவாதசி என்று பார்க்காமல் அது பாட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உபவாசம் இருந்துகொண்டிருந்தது.

மடத்துக்குத் தலைவர் அனந்த சுவாமி. வயது நாற்பத்தொன்று. நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார். அவருடைய சீடர் நரசிம்மலுவுக்கு வயது அறுபத்திரண்டு. தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஞானமும் பெற்றுவிடலாம் என்று இங்கே வந்து சேர்ந்தார். வரும்போது பெட்டி படுக்கையோடு அதிகாரத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மடத்துத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை உண்டு. தொடர்ந்து நாற்பத்தெட்டு ஏகாதசி விரதம் இருந்து முடித்தவர்கள் பேரை அதில் எழுதுவார்கள். இரண்டு வருஷத்துப் பாடு என்பதால் பலகை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். நரசிம்மலு நாற்பத்தேழு முடித்திருந்தார். அதுவும் மற்றவர்களைப்போல ரவை உப்புமா, வாழைப்பழம் என்று சலுகை எடுத்துக்கொள்ளாமல், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் முடித்திருந்தார். ஒரு மாதமாகச் சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்திருந்தார்.

நாற்பத்தெட்டாவது ஏகாதசி வந்தது.

பட்டினி கிடக்கிறவருக்கு அடுத்தவர் வாய் அசைவது தெருக்கோடியிலிருந்தே தெரியும். காலையிலிருந்து நரசிம்மலு மடத்து வாசலில்தான் நின்றார்.

எதிர்த்த தையல்கடை சின்னராசு ஒரு போண்டாவை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?"

"வியாழக்கெழமைங்க."

"ஏகாதசி! நாக்கு கேக்கறப்பல்லாம் போடறதுக்கு மாடு இருக்கே, மனுஷன் எதுக்குய்யா?"

போண்டா பாதி வாயிலும் பாதி பேப்பரிலுமாக நின்றுபோயிற்று.

அடுத்து கோயில் வாசல் பூக்காரர் எத்திராஜ். தூக்குச்சட்டியைத் திறந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எத்திராஜு, ஏகாதசியில ஒவ்வொரு பருக்கையிலயும் ஒரு பாவம் உக்காந்திருக்கு, தெரியுமா?"

எத்திராஜ் பயந்துபோய்ச் சட்டிக்குள் உற்றுப் பார்த்தார்.

பிறகு பால் ஊற்ற வந்த பச்சையம்மா. வாய் நிறைய வெற்றிலை.

"நீ என்ன சாப்பிட்டே?"

"நாலு இட்லிங்கய்யா."

நரசிம்மலு தலையில் அடித்துக்கொண்டார். பச்சையம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"தெரியாம துன்னுட்டேன். இப்ப இன்னாங்கய்யா பண்றது?"

"நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் முழுப் பட்டினி கிடந்து கழுவிக்கணும். வேற வழியில்லை."

அப்படி எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. முப்பது வருஷம் மனுக்களுக்குப் பதில் சொன்னவருக்கு, இல்லாத விதியைச் சொல்வது ஒரு காரியமா?

மதியம் சோறு கேட்டு வந்த பரதேசி ஒருவரையும் "ஏகாதசியில சோறா?" என்று கேட்டே ஊரைவிட்டு அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் அவர் உள்ளே வந்தபோது சுவாமி இரண்டாம் தட்டு ரவை உப்புமாவில் இருந்தார். நரசிம்மலு எதிரில் போய் நின்றார்.

"சுவாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"விரதம்னா என்ன?"

'நீங்கள் இருக்கிறீர்களே, அதுதான்' என்ற பதிலுக்காகக் கேட்ட கேள்வி அது. சுவாமி ஒரு முந்திரிப்பருப்பைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்றேன். இப்ப உப்புமா ஆறிடும்."

மறுநாள் துவாதசி, காலை எட்டு நாற்பதுக்கு முடிகிறது என்று பஞ்சாங்கம் சொல்லியது. அதற்குள் சாப்பிட்டு விரதத்தை முடித்தாக வேண்டும். சமையல் பார்க்கும் பங்கஜம் அகத்திக்கீரை, சுண்டைக்காய் வற்றல், நெல்லிக்காய்ப் பச்சடி எல்லாம் செய்துவைத்து இரண்டு இலையும் போட்டுவிட்டார்.

மடத்தில் ஒரே ஒரு விதி. முதல் இலையில் வெளியாள் ஒருவர் விருந்தாளியாக உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, எழுந்து கை கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் விரதம் இருந்தவர் வாயில் வைக்கலாம். விருந்தாளி சாப்பிடாவிட்டால் விரதம் சேராது. நாற்பத்தெட்டையும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நரசிம்மலுவுக்கு அந்தக் கவலையே இல்லை. நாற்பத்தேழு துவாதசிக்கும் சின்னராசுதான் விருந்தாளி. அகத்திக்கீரை என்றால் அவருக்கு உயிர். கூப்பிடாமலே ஏழு மணிக்கு வந்து இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

ஏழாயிற்று. ஏழே காலும் ஆயிற்று. நரசிம்மலு செருப்பைக்கூடப் போடாமல் எதிர்க்கடைக்கு ஓடினார்.

"சின்னராசு, இலை போட்டாச்சு!"

சின்னராசு தையல் மிஷினை நிறுத்தவில்லை. "நான் இன்னைக்கு வெரதம்ங்க."

"விரதம் நேத்துய்யா!"

"நேத்து போண்டா துன்னுட்டனே. இன்னைக்குப் பட்டினி கெடந்து கழுவிக்கணும்னு நீங்க சொன்னீங்களாமே?"

"உனக்கு யாரு சொன்னது?"

"பச்சையம்மா. பால் ஊத்தற வூட்டுக்கெல்லாம் சொல்லிக்கினு போச்சுங்க. தெருவே இன்னைக்கு வெரதம். டீக்கடையில பாய்லரே பத்தவைக்கல."

நரசிம்மலு டீக்கடையைப் பார்த்தார். பெஞ்சு கவிழ்த்துக் கிடந்தது.

"அது நான் சும்மா சொன்னதுய்யா!"

"நேத்து உங்க மூஞ்சப் பாத்தா சும்மா சொன்ன மாதிரி இல்லீங்களே."

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். நரசிம்மலுவுக்குப் பதினொன்றாவதாகச் சாஸ்திரமும் பறந்தது. கோயில் வாசலுக்குப் போய் எத்திராஜின் கையைப் பிடித்தார்.

"எத்திராஜு, ரெண்டு வாய் சாப்பிட வா. ஒண்ணும் பாவமில்லை."

"பருக்கைக்கு ஒண்ணுன்னு சொன்னீங்களே?"

"அதெல்லாம் நேத்தோட எழுந்து போயிருக்கும்!"

"எங்க போயிருக்கும்?"

எத்திராஜ் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பூக்கட்டப் போய்விட்டார்.

எட்டு மணிக்கு நரசிம்மலு மடத்துக்குத் திரும்பிவந்தார்.

"சுவாமி, நீங்களாவது அந்த இலையில உக்காருங்க."

"நான் இந்த வீட்டு ஆளாச்சே. விருந்தாளி இல்லையே."

"பங்கஜம்மா?"

"அவங்களும் வீட்டு ஆள்தான்."

நரசிம்மலு முற்றத்தில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். நாய் வெளியிலிருந்து வந்ததுதான். ஒரு பிடி கீரையை எடுத்து அதன் முன்னால் வைத்தார். நாய் முகர்ந்துவிட்டு, இரண்டு அடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"சாப்பிட்டாலும் அது கை கழுவாதே," என்றார் சுவாமி.

மணி எட்டு பத்து. நரசிம்மலு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷம் இன்னும் அரைமணியில் வீணாகப் போகிறது. அழுகை வந்தது. பசியாலா, பலகையாலா என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது பச்சையம்மா பால் கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பச்சையம்மா, உள்ள வாங்க. இலை போட்டிருக்கு. உக்காந்து சாப்பிடுங்க."

'வாங்க' என்றதைக் கேட்டுப் பச்சையம்மா தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"என்னையா சொல்றீங்க? நான் வெரதம்ங்கய்யா. வெத்தலகூடப் போடல. எம் பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம். நேத்து அந்த இட்லியால அதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு பெருமாள வேண்டிக்கினு கெடக்கறேன்."

நரசிம்மலு வாயைத் திறந்தார். சின்னராசுவிடம் வாதாடியதுபோல இவரிடமும் வாதாடத்தான் நினைத்தார். ஆனால் கர்ப்பிணி மகளின் பேச்சைக் கேட்டதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டார். நாலு இட்லிக்காக ஒரு தாயை இப்படிப் பயமுறுத்தியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"சரிம்மா. நீங்க போங்க," என்று சொல்லி எழுந்தார். எழுந்தவருக்குக் கண் இருட்டியது. தூணைப் பிடித்துக்கொண்டார்.

பச்சையம்மா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

"எப்பச் சாப்ட்டது?"

"முந்தாநாள் ராத்திரி."

"உள்ளதான் எலை போட்டுக் கெடக்குதே, துன்னுட வேண்டியதுதானே?"

"விருந்தாளி சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடலாம்."

"இது இன்னா பொல்லாத வெரதம்!" பச்சையம்மா குழாயில் கால் கையைக் கழுவிக்கொண்டு நேராக உள்ளே போனார். முதல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போடுங்க சோத்த."

நரசிம்மலு பின்னாலேயே வந்தார். "உங்க வேண்டுதல்?"

"பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவருக்கும் நாந்தான் பால் ஊத்தறேன்."

நரசிம்மலு தன் கையாலேயே பரிமாறினார். பச்சையம்மாவுக்கும் நல்ல பசி. நாலு மணிக்கு எழுந்து தெருத்தெருவாகச் சைக்கிள் தள்ளிய பசி. பேருக்கு ஒரு வாய் என்ற பேச்சே இல்லை.

எட்டு இருபது. "இன்னுங் கொஞ்சம் கீரை."

எட்டு இருபத்தேழு. "பச்சடி ரொம்ப ஜோரா கீதே! அந்தக் கீரையும் போடுங்க."

நரசிம்மலுவின் பார்வை இலைக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் மாறிமாறிப் போயிற்று. சீக்கிரம் என்று விருந்தாளியிடம் சொல்லக் கூடாது. சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

எட்டு முப்பத்துமூன்று. "கீரை கீதா?"

"இருக்கும்மா, இருக்கு."

எட்டு முப்பத்தாறு. "மோரு?"

பங்கஜம் மோர்ப் பாத்திரத்தோடு ஓடிவந்தார். பச்சையம்மா அதையும் குடித்து, ஓர் ஏப்பம் விட்டு, எழுந்துபோய்க் கை கழுவினார். மணி எட்டு முப்பத்தெட்டு. குழாய் மூடிய சத்தம் கேட்டதும் நரசிம்மலு நெல்லிக்காய்ப் பச்சடியை அள்ளி வாயில் போட்டார். அந்தப் புளிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் எந்தத் துவாதசிச் சாப்பாடும் இப்படி ருசித்ததில்லை.

பச்சையம்மா வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"ஐயா, நான் இத நாளைக்கு இருந்து கழிச்சிடறேன். தப்பில்லியே?"

நரசிம்மலு வாய்ச் சோற்றோடு எழுந்து ஓடினார். "வேண்டாம்மா. நாளைக்கு நாலு இட்லி சாப்பிடுங்க. போற வழியில எல்லாரையும் சாப்பிடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சற்று நேரத்தில் டீக்கடைப் பக்கமிருந்து புகை வந்தது.

மனுஷர் இளகிவிட்டார்தான். ஆனாலும் சாக்பீஸ் பையில் இருக்கிறதே. கை கழுவியதும் நரசிம்மலு துளசி மாடத்துக்குப் போனார். பலகையைத் துணியால் துடைத்து, நடுவில் தன் பேரைக் குண்டு குண்டாக எழுதினார். இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தார். பக்கத்தில் சுவாமியும் வந்து நின்று பார்த்தார்.

"எழுத்து நல்லா இருக்கு," என்றார் சுவாமி. "இன்னொரு பேரையும் எழுதுங்க."

"யாரு பேரு சுவாமி?"

"விரதம்னா என்னன்னு நேத்து கேட்டீங்கல்ல? பச்சையம்மா பேரை எழுதுங்க."

"சுவாமி, அவங்க விரதம் காலையிலயே முறிஞ்சுபோச்சே! என் கண்ணு முன்னாலயே மூணு கரண்டி கீரை வாங்கிச் சாப்பிட்டாங்களே!"

"நாலு," என்றார் சுவாமி. "உங்க பேருக்கு மேல எழுதுங்க."