கணவாயில் தெரிந்த தூசி

உப்பளத்துக்கும் மலைக்கும் நடுவே முல்லைக்கோட்டை என்றொரு நாடு இருந்ததாம். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். மாடு மனிதனுக்கு வழி காட்டிய காலம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். படைக்கென்று மக்களிடம் எதை வாங்கினாலும் பத்தில் ஒரு பங்கு தளபதிக்கு. தளபதி கடம்பரையன் காவல் பரணில் ஏறிக் கணவாயைப் பார்ப்பான். தூசி தெரிந்தால், “பகைவன் வருகிறான்!” என்று முரசு கொட்டச் சொல்வான்.

முதல் வருஷம் தூசி தெரிந்தது. வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் போயிற்று. மறு வருஷம் தூசி தெரிந்தது. கலப்பைக் கொழுவெல்லாம் வேலாயிற்று. மூன்றாம் வருஷமும் தூசி தெரிந்தது. வண்டி மாடு, பொதி மாடு எல்லாவற்றையும் கேட்டார்கள், கணவாயையே அடைக்கப்போகிறோம் என்றார்கள். பகைவன் மட்டும் வந்தபாடில்லை.

உப்பு வாணிகம் செய்யும் சேந்தி தன் மாடுகளை எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு மாட்டில் உப்பேற்றிக் கணவாய் தாண்டி, அங்கிருந்து மிளகு கொண்டுவந்து பிழைப்பவள் அவள். மாடும் போய் வழியும் அடைபட்டால் நாலு பிள்ளைகளும் பட்டினிதான். யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒரு சந்தேகம். முரசு கொட்டிய மூன்று நாளும் அவள் மிளகோடு திரும்பிய நாள் அல்லவா?

நேரே அரசனின் சபைக்குப் போனாள்.

“சாமி, அந்தத் தூசி என் மாடு கிளப்பினது.”

கடம்பரையன் சிரித்தான். “கணவாய்க்கு அப்பால் உப்பு விற்கிறவள் வேறென்ன சொல்வாள்? வழி திறந்திருந்தால் இவளுக்கு லாபம், அரசே.”

அரசன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“லாபம் உண்டுதான், சாமி. மறைக்கவில்லை. என் வாயை நம்பாதீர்கள்; அவர் வாயையும் நம்பாதீர்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் பகைவன் வந்தால் என் மாடு பன்னிரண்டும் படைக்கு. வராவிட்டால் ஊரார் கொடுத்ததையெல்லாம் தளபதி தன் களஞ்சியத்திலிருந்து ஈடுகட்டட்டும்.”

சபை மொத்தமும் கடம்பரையன் பக்கம் திரும்பியது.

“பகைவர் எத்தனை பேர்?” என்றான் அரசன்.

“பத்தாயிரம் பேர், அரசே!”

“களஞ்சியத்தைப் பணயம் வைக்கிறாயா?”

“ஆயிரம் இருக்கலாம்.”

“வைக்கிறாயா?”

“நூறு பேர்... தூரத்தில் சரியாகத் தெரியவில்லை.”

“வைக்கிறாயா, இல்லையா?”

கடம்பரையன் நெற்றியைத் துடைத்தான். “தூசிதான் தெரிந்தது, அரசே.”

அவன் பதவி அன்றே போயிற்று. அரசன் மகிழ்ந்து, “சேந்தி, இனி நீ பரணில் ஏறு. அந்தப் பத்தில் ஒரு பங்கு உனக்கு” என்றான்.

சேந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். “வேண்டாம், சாமி. அந்தப் பங்கோடு ஏறினால் நாளைக்கு எனக்கும் பகைவன் தெரிவான். பங்கை நிறுத்துங்கள். பகை வந்தாலும் வராவிட்டாலும் காவல்காரனுக்கு ஒரே அளவு நெல் அளந்து கொடுங்கள்.”

அப்படியே ஆயிற்று. காவல் இருந்தது, கொழுக்கள் வயலுக்குத் திரும்பின. அதன்பின் கணவாயில் தூசி தெரிந்தால் பரணிலிருந்து ஒரு குரல்தான் வரும்: “மிளகு வருது, மிளகு!”

ஆகவே, ஆபத்து வருகிறது என்று யார் சொன்னாலும், அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன ஆதாயம் என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.