கயிறு கட்டிய கூடம்

நான் சொல்வதை நிதானமாகக் கேளுங்கள். மழை தவறாத ஒரு சீமையை முன்பு ஒரு ராஜா ஆண்டார். கூடம் கட்டுவதில் அவருக்கு ஆசை அதிகம், காத்திருக்கத்தான் வராது.

அதே ஊரில் செங்கோடன் என்று ஒருவன், தரைக்கு ஓடு பதிப்பவன். ஒன்பது வருஷம் அரண்மனைக் கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பு குழைத்தான். பிறகு ஒரு கரண்டி, ஒரு மட்டப்பலகை, ஒரு நூல்கண்டு, இந்த மூன்றோடு தனியே தொழில் தொடங்கினான்.

ராஜா அவனைப் புது விருந்துக் கூடத்துக்கு அழைத்தார். செங்கோடன் தரையை அளந்தான்.

"தொள்ளாயிரம் ஓடு. தண்ணீரில் ஊற ஒரு நாள், பதிக்க ஆறு நாள், யாரும் மிதிக்காமல் இறுக மூன்று நாள். பதினோராம் நாள் நடக்கலாம்."

ராஜா அந்தப் பதினோராம் நாளே விருந்து என்று ஊருக்கு அறிவித்தார்.

ஏழாம் நாள் மாலை கடைசி ஓடும் பதிந்தது. செங்கோடன் வாசலின் குறுக்கே கயிறு கட்டி, வெளியே உட்கார்ந்துகொண்டான்.

எட்டாம் நாள் அரண்மனை அதிகாரி வந்தார். "அவிழ்டா கயிற்றை. நாட்டியக்காரர்கள் ஒத்திகை பார்க்கணும்."

"இறுக விட்டதில் இன்றைக்குத்தான் முதல் நாள் ஐயா. இன்னும் இரண்டு நாள்."

ஒன்பதாம் நாள் சேனாபதி வந்தார். "யானை ஏறினாலும் தாங்கும் போலிருக்கிறதே."

"ஏறட்டும் சாமி. நாளை மறுநாள்."

பத்தாம் நாள் ராஜாவே வந்தார். "இது யார் கூடம்?"

"கூடம் உங்களுடையது மகாராஜா. நாளைக் காலை வரை வேலை என்னுடையது."

ராஜாவின் முகம் சிவந்தது. "நாளை வருவேன். ஓர் ஓடு சரியில்லை என்றாலும் உன் கரண்டி எனக்கு. நீ மறுபடி சுண்ணாம்பு குழைக்கப் போ."

"சரி மகாராஜா."

பதினோராம் நாள் விருந்தாளிகளோடு ராஜா வந்தார். கயிறு அவிழவில்லை. கயிற்றின் முன்னால் கரண்டி கிடந்தது.

"விடியற்காலையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்," என்றான் செங்கோடன். "அறுநூற்றுப் பன்னிரண்டாவது ஓடு, அடியில் சாந்து சேராமல், வெற்றுப்பானை போல ஒலித்தது. பெயர்த்துப் புதிதாகப் பதித்துவிட்டேன். பிழை என்னுடையது. கரண்டி இதோ."

அதிகாரி சிரித்தார். "நேற்றுப் பேசிய வாய் எங்கே?"

"இங்கேதான் ஐயா. இன்னும் மூன்று நாள் என்கிறது."

"ஓர் ஓட்டுக்காக மூன்று நாளா?" என்றார் ராஜா.

"அது ஆடினால் பக்கத்து நாலும் ஆடும்."

"நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காதே."

"எனக்குத் தெரிந்திருக்கும் மகாராஜா."

ராஜா குனிந்து கரண்டியை எடுத்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைச் செங்கோடன் கையிலேயே கொடுத்தார்.

"இந்த ஒன்றைச் சொன்னவனை மற்ற எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கும் நம்பலாம். முற்றத்தில் இலை போடுங்கள்."

பதினான்காம் நாள் காலை ராஜா தனியாக வந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"செங்கோடா, காலை வைக்கலாமா?"

செங்கோடன் அந்த ஓட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான்.

சொந்தமாகத் தொழில் செய்பவன், ராஜாவே கேட்டாலும் வேலைக்கு வேண்டிய நாளைக் குறைக்கக் கூடாது, தன் பிழையையும் மறைக்கக் கூடாது.